மணல் காய்ந்திருந்தது, மாமா

அன்புள்ள மாமா,

என் அம்மாவின் தம்பி என்பதால் பிறந்ததிலிருந்து உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டேன். தாலி கட்டிய பிறகும் அது மாறவில்லை. நீங்கள் போன பிறகு மட்டும் ஏன் மாற வேண்டும்?

உங்கள் முதல் வருஷத் திதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை பொறுக்க முடியாமல் இப்போதே எழுதுகிறேன். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைப் பற்றித் திண்டிவனத்தில் நம் தெருவே பேசுகிறது. உங்கள் அண்ணன் போன் போட்டுக் கத்தினார். மற்றவர்கள் வாயிலிருந்து உங்களுக்கு எட்டுவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. முகம் சுளிக்காதீர்கள். பேருந்தின் குறுக்கே எது ஓடினாலும் பூனையைத் திட்டுகிறவர் நீங்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஒரு மழைநாளில் மாடி ஜன்னல் வழியாகத் தானாக வந்தான். உள்ளங்கை அளவு இருந்தான். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்மண் நிறம். கட்டிலின் மீது நீங்கள் படுக்கிற பக்கத்தைப் பார்த்து ஏறிப் படுத்துக்கொண்டான். துரத்த மனம் வரவில்லை. கண்டக்டர் வீட்டுப் பூனை என்பதால் 'ரைட்டு' எனப் பெயர் வைத்தேன்.

பிள்ளை இல்லாத குறைக்குப் பூனையைக் கொஞ்சுகிறாள் என்கிறார்கள். சொல்லட்டும். ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அந்த வீட்டில் ஓர் உயிர் என்னைப் பார்த்து வாய் திறந்தது. அது போதும் என்றிருந்தது எனக்கு.

அவனுக்கு ஒரு வயது நெருங்கியிருந்த நேரம். ஆளும் வளர்ந்துவிட்டான். பிரிட்ஜ் மேல் ஒரே தாவல், அங்கிருந்து பீரோ. நெத்திலி ஆய உட்கார்ந்தால் என் முழங்கையை முட்டிக்கொண்டே இருப்பான். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு உறுத்தியது. மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறேன், முழங்கையில் முட்டல் இல்லை. கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகக் குந்தியிருந்தான். ஒரு மீனைக் காட்டினேன். முகர்ந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் இன்னும் மோசம். எந்நேரமும் நக்கி நக்கிப் பளபளவென்று வைத்திருக்கும் முடி திரித்திரியாக நின்றது. கண்ணின் உள்ளோரத்தில் வெள்ளையாக ஒரு சவ்வு ஏறியிருந்தது. மூலையில் அவன் கழிவுக்கென்று வைத்த மணல் தட்டுக்குப் போவான், குந்துவான், முதுகை வளைத்து முக்குவான், ஒன்றும் இல்லாமல் வெளியே வருவான். மறுபடி போவான். ஒருமுறை அங்கிருந்தபடியே கத்தினான். அந்தக் குரல் நான் கேட்டறியாத குரல், மாமா. அடிவயிற்றிலிருந்து வந்தது.

கீழ்வீட்டு சரோஜா அக்கா சத்தம் கேட்டு மேலே வந்தார். நம் வீட்டுக்காரம்மாதான். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குத் தினம் சோறு போட்டுக் கொடுத்தவர், அதை நான் மறக்கவில்லை. அவர் ரைட்டுவைப் பார்த்துவிட்டு, "வவுறு கட்டிக்கினு இருக்குது, வேற ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வெளக்கெண்ண ஊத்து, காலைல சரியாப் பூடும்" என்றார்.

நான் மணல் தட்டைக் கையால் கிளறினேன். ஒரு மூலை விடாமல் கிளறினேன். எங்கும் ஈரம் இல்லை. மணல் காய்ந்திருந்தது.

வயிறு கட்டியிருந்தால் ஏன் ஈரம் இல்லை? அவன் முக்குவது வேறு எதற்கோ. சிறுநீர் வராத உடம்பு என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதை நான் உங்களோடு படித்தேன்.

நினைவிருக்கிறதா? விடிகாலை டியூட்டிக்குக் கிளம்பும்போதே உங்கள் முகம் உப்பியிருக்கும். சாக்ஸைக் கழற்றினால் காலில் பள்ளமாகத் தடம் நிற்கும். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டல். நான் சொன்னேன், டாக்டரைப் பார்க்கலாம் என்று. உங்கள் அண்ணன், "நின்னுக்கினே செய்ற வேல, காலு வீங்கத்தான் செய்யும். பொம்பள சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருப்பா" என்றார். நீங்களும் அவரோடு சேர்ந்து சிரித்தீர்கள். வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போனீர்கள். மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தீர்கள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கடைசி வரை பார்த்தார்கள். உங்களைக் குறை சொல்வேன். இதுவரை சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். என் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட்டுப் போனவர் நீங்கள். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. இவ்வளவு ஆசை வைத்த மனிதர் மேல் இவ்வளவு கோபமும் வருமா, மாமா?

சரோஜா அக்காவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. "இல்லக்கா, இது வேற" என்று மட்டும் சொன்னேன். அவர் போகாமல் வாசற்படியிலேயே நின்றார். முந்தானையை விரலில் சுற்றினார்.

"தனம், தப்பா எடுத்துக்காத. நாளைக்கு எம் பொண்ணு பிரியாவுக்கு நிச்சயம்ல. மாப்ள வூட்லேந்து காலைலயே வர்றாங்க. அவங்க உள்ள வந்து ஒக்கார்ற வரைக்கும் நீ கீழ எறங்காத இருந்தியானா… எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க எப்டியோ, தெரியாதுல்ல."

தலையாட்டினேன். நீங்கள் போனதிலிருந்து தலையாட்டியே பழகியிருந்தேன். வளைகாப்புக்குக் கூப்பிட்டுவிட்டுப் பின்னால் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். காலையில் யாராவது கடை திறக்கப் போனால், அவர் தாண்டும் வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. எல்லாரும் பதமாகத்தான் சொன்னார்கள். பதமாகச் சொன்னால் அது வேறாகிவிடுமா?

அன்று இருட்டிவிட்டது, கால்நடை ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும் என்று விடியக் காத்திருந்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் ரைட்டு மஞ்சளாக வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு தட்டுக்கும் போகவில்லை. தரையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தான். காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அடிவயிற்றில் மெதுவாகக் கை வைத்தேன். எலுமிச்சம்பழம் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தது போல உருண்டையாக, கெட்டியாக இருந்தது. தொட்டதும் அந்தக் குரல் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். விவரம் கேட்ட டாக்டரம்மா, "ஆண் பூனையா? உடனே கொண்டு வாங்க. உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்ல இது" என்றார்.

ஒயர் கூடையில் உங்கள் பழைய காக்கிச் சட்டையை விரித்தேன். அவனை அதில் படுக்க வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கட்டினேன். கீழே மேளம் தொடங்கிவிட்டது. நம் வீட்டு மாடிப்படிதான் உங்களுக்குத் தெரியுமே, நேராகக் கீழ்வீட்டு வராந்தாவில் போய் இறங்கும். வேறு வழி கிடையாது. எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். சரோஜா அக்கா ஆரத்தியைக் கையில் வைத்திருந்தார்.

படியின் உச்சியில் நின்றேன். நிற்காமல் இறங்கினேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நின்றேன். அவர்கள் உட்காரட்டும், பிறகு போகலாம் என்று கால் சொன்னது. கூடைக்குள் ஒரு முனகல் கேட்டது. நானும் இப்படித்தானே கதவுக்குப் பின்னால் முனகிக்கொண்டு கிடக்கிறேன் என்று ஒரு கோபம் வந்தது, மாமா. இறங்கிவிட்டேன்.

மேளம் மட்டும்தான் நிற்கவில்லை. மற்ற எல்லாம் நின்றது.

"ஏ தனம்! இன்னா பண்ற நீ? நேத்து அவ்ளோ சொன்னனே!" சரோஜா அக்காவின் குரல் உடைந்தது.

"பூனைக்கு ரொம்ப முடியலக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அரமணி நேரம் பொறுத்தா இன்னா ஆயிடப் போது?"

"செத்துடும்க்கா."

தட்டு வைத்திருந்த ஒரு பெரியம்மா என் நெற்றியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "யாரும்மா இது? நல்ல காரியத்துக்கு வர்றப்ப எதுர்ல வந்துக்கினு. கையில பூன வேற!"

கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "கண்டக்டர் ஏழுமலை பொண்டாட்டிங்க நானு. இந்த மாடியிலதான் குடியிருக்கேன். நான் எதுர்ல வந்தா ஆவாது, பூன குறுக்க போனா ஆவாது. ரெண்டு பேரும் சேந்தே போயிடறோம். வழி வுடுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன்தான் அது என்று பிற்பாடு பிரியா சொன்னாள். பெண்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். மரியாதைக்கு விலகவில்லை, என் சேலை மேலே பட்டுவிடக் கூடாது என்றுதான் விலகினார்கள். எதற்காக விலகினால் எனக்கென்ன? பழத்தட்டுக்கும் பூத்தட்டுக்கும் நடுவே நடந்து கேட்டைத் தாண்டினேன். யாரும் ஆட்டோ பிடித்துத் தரவில்லை. முனை வரை ஓடி நானே பிடித்தேன்.

டாக்டரம்மா அவன் வயிற்றைத் தொட்டதுமே, "கல்லு மாதிரி இருக்கு பாருங்க. ஒண்ணுக்குப் போற பாதை அடைச்சிருக்கு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பச் சின்னது" என்றார். மயக்கம் கொடுத்து மெல்லிய டியூப் விட வேண்டும், அந்த அளவு டியூப் தன்னிடம் இல்லை என்றார். வலிக்கு ஊசி போட்டுவிட்டு, விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அவரே போனில் பேசினார். "விளக்கெண்ணெய் ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்ல வேளை. நாள் தள்ளியிருந்தா கிட்னி போயிருக்கும், இதயமும் நின்னிருக்கும்" என்றார்.

கிட்னி என்ற சொல்லை இன்னொரு வாயிலிருந்து இன்னொரு முறை கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விழுப்புரம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. இளவயதுக் கண்டக்டர் கூடையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தார். "பூனையெல்லாம் ஏத்த முடியாதும்மா, எறங்கு."

"கோழி ஏத்துறீங்க, ஆட்டுக்குட்டி ஏத்துறீங்க. லக்கேஜ் போடுங்க."

"பேசஞ்சர்லாம் கத்துவாங்கம்மா."

"கத்துனா எங்கிட்ட கத்தட்டும். நீங்க டிக்கெட் குடுங்க தம்பி."

உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து இடம் கொடுத்திருப்பார். அந்த ரூட்டில் உங்களைத் தெரியாத ஆள் யார்? ஆனால் சொல்லவில்லை. வராந்தாவில் உங்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது போதும். இங்கே என் சொல்லுக்கே டிக்கெட் வாங்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அவர் தலையில் அடித்துக்கொண்டு இரண்டு டிக்கெட் கிழித்தார். முன்சீட்டில் ஒருவர், "காலங்காத்தால பூன மூஞ்சி" என்று முணுமுணுத்தார். "அதுவும் உங்க மூஞ்சியத்தாங்க பாத்துக்கினு இருக்குது" என்றேன். அதற்குமேல் அவர் திரும்பவில்லை.

விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றது. உங்களை வெளியே கொண்டுவந்த பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு பெண் இறங்கினாள். போன வருஷத்து என்னைப் போலவே இருந்தாள். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கூடைக்குள் கை விட்டு அவன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டிடத்தை நேராகப் பார்த்தேன். நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. இவனைத் தர மாட்டேன் என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

விழுப்புரத்து டாக்டர் அவனை உள்ளே தூக்கிப் போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உள்ளே இருந்தபோது உட்கார்ந்தது மாதிரியேதான், கையை மடியில் கோத்துக்கொண்டு. கதவு திறந்தது. "வந்து பாருங்கம்மா" என்றார். ரைட்டு மயக்கத்தில் கிடந்தான். டியூப் வழியே பையில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ரத்தக் கலரில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து. "மணல் மாதிரி அடைச்சிருந்தது, எடுத்தாச்சு" என்றார்.

நான் அழுதேன், மாமா. பூனை ஒன்றுக்குப் போனதற்காக விழுப்புரத்தில் உட்கார்ந்து அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களுக்கு இப்படி ஒரு பை நிறைந்துவிடாதா என்று எத்தனை விடிகாலை பார்த்துக்கொண்டிருந்தேன்! உங்களுக்கு நிறையவில்லை. அவனுக்கு நிறைந்தது. அது நியாயமா அநியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பலபேர் வயித்துக் கட்டுன்னு நெனைச்சு கடைசி நேரத்துல கொண்டு வர்றாங்க."

"மணலப் பாத்தேன் சார். காஞ்சிருந்துச்சு" என்றேன். மிச்சத்தை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தினம் போய்வந்தேன். அவன் முதலில் தன் முன்னங்காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்ட அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது கருவாடு, உப்பு மீன் எல்லாம் கிடையாது. மீனை வேகவைத்துத் தண்ணீராகக் கலந்து தருகிறேன். வீட்டில் மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம். மறுபடி அடைக்கலாம், கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இருக்கிறேன்.

நிச்சயம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? நன்றாக நடந்தது. தட்டு மாற்றினார்கள், தேதி குறித்தார்கள், பந்தியில் பாயசம் கூடத் தீர்ந்துபோனதாம். என்னால் ஒன்றும் கெடவில்லை. ஆனாலும் சரோஜா அக்கா என்னோடு பேசுவதில்லை. உங்கள் அண்ணன் போனில், "குடும்ப மானத்த வாங்கிட்ட. ஒரு பூனைக்கோசரம் ஊரே சிரிக்குது" என்றார். "உங்க தம்பிக்கோசரம் நான் சொன்னப்பவும் சிரிச்சீங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். நீங்கள் வருத்தப்பட்டாலும் சரி, அதை நான் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடையிலும் ஒன்று நடந்தது. உங்களிடம் மறைத்திருந்தேன். நீங்கள் போன பிறகு கல்யாணப் பட்டுப் பகுதியிலிருந்து என்னை எடுத்து நைட்டிப் பகுதியில் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் விரும்ப மாட்டார்களாம். லீவு முடிந்து போன அன்று மேனேஜரிடம், "நான் இன்னிலேந்து பட்டுக்கே போறேன் சார்" என்றேன்.

"கஸ்டமர் ஏதாவது சொன்னா என்னம்மா பண்றது?"

"சொல்லட்டும் சார். எனக்குப் பட்டு தெரியும். அதத்தான் விக்கிறேன், என் நெத்திய விக்கல."

பார்க்கலாம் என்று இழுத்தார். நான் போய் நின்றுவிட்டேன். ஒரு குடும்பம் என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம் நகர்ந்தது. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மதியம் வந்த இன்னொரு குடும்பம் நான் விரித்த அரக்குப் புடவையையே முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. மேனேஜர் இதுவரை என்னை மாற்றவில்லை. நாளைக்கு மாற்றினால் மறுபடி போய் நிற்பேன்.

போன வாரம் குழாயடியில் குனிந்து குடம் கழுவிக்கொண்டிருந்த சரோஜா அக்கா, என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே, "அந்தப் பூன சாப்புடுதா?" என்று கேட்டார். "சாப்புடுதுக்கா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. போதுமா என்றால் போதாது. ஆனால் நான் போய் மன்னிப்புக் கேட்க மாட்டேன். பிரியாவின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவாரோ மாட்டாரோ? கூப்பிட்டால் பின்வரிசையில் உட்கார மாட்டேன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடப் போகிறேன்.

மாமா, இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஓர் உடம்பு முடியவில்லை என்று முனகினால், அது பூனையாக இருந்தாலும், எவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், "ஒண்ணும் இல்ல" என்று யாரையும் சொல்ல விடமாட்டேன். சிரிப்பார்கள். சிரிக்கச் சிரிக்கத் தூக்கிக்கொண்டு போவேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போக நீங்கள் என்னை விடவில்லை. இனி யாரிடமும் விடுகிறீர்களா என்று கேட்கப் போவதில்லை.

கோபமும் ஆசையும் குறையாத
உங்கள் அக்கா மகள், உங்கள் மனைவி,
தனலட்சுமி